முதலில் குரல், பிறகு படம்: சூப்பர்ஹீரோ அனிமேஷன் தொடர்களில் குரல் நடிகரின் வேலை

சூப்பர்ஹீரோ கார்ட்டூனைப் பார்க்கிற பலர், படத்தை முழுக்க வரைந்து முடித்துவிட்டு அதன் வாயசைப்புக்கு ஏற்ப யாரையோ பேச வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். சென்னை டப்பிங் தியேட்டர்களில் அப்படித்தான் நடக்கிறது என்பதால் நமக்கு அந்த எண்ணம் இயல்பாக வருகிறது. அமெரிக்காவில் உருவாகும் மூலத் தொடர்களில் வரிசை நேர் எதிர். குரல்தான் முதலில் பதிவாகிறது. அந்தக் குரலைக் கேட்டுக்கேட்டுத்தான் ஓவியர்கள் வரைகிறார்கள். நடிகர் எங்கே மூச்சு வாங்கினார், எந்தச் சொல்லை இழுத்தார், எங்கே தயங்கினார் என்பதெல்லாம் பாத்திரத்தின் முகத்தில் வந்து உட்கார்ந்துவிடும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால், இந்தத் தொழிலின் மற்ற விதிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தானாகவே விளங்கும்.

இதைப் புரிந்துகொள்ள கெவின் கான்ராயைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1992 செப்டம்பரில் ஒளிபரப்பு தொடங்கிய ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ தொடரில் பேட்மேனுக்குக் குரல் கொடுத்தவர் அவர். 2022 நவம்பரில் 66 வயதில் இறக்கும் வரை, இடையில் வேறு சிலரும் அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தபோதிலும், தொடர்கள், திரைப்படங்கள், வீடியோகேம்கள் என்று திரும்பத் திரும்ப அவரையே அழைத்தார்கள். நியூயார்க்கில் உள்ள ஜூலியார்டு கலைப்பள்ளியில் நாடகம் படித்தவர். மேடையிலும் தொலைக்காட்சியிலும் நடித்துக்கொண்டிருந்தவர். அனிமேஷனுக்கு வந்தபோது அவரிடம் இருந்தது நடிப்புப் பயிற்சிதான். ‘கார்ட்டூன் குரல்’ என்று தனியாக எதையும் அவர் கொண்டுவரவில்லை. குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரொமானோ தேடியதும் அப்படிப்பட்ட நடிகர்களைத்தான்.

பதிவிலிருந்து ஒளிபரப்பு வரை

அரை மணி நேர நிகழ்ச்சி என்றால் விளம்பரங்களைக் கழித்து சுமார் 22 நிமிடப் படம். அதற்கான வசனப் பதிவு பொதுவாக ஒரே அமர்வில், நான்கு மணி நேரத்துக்குள் முடியும். நடிகர்களுக்கு ஸ்கிரிப்ட் முன்கூட்டியே வந்துவிடும். காட்சிகளை வரிசையாக வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டு தயாராக இருந்தால் காட்டுவார்கள்; பல சமயம் இருக்காது. பேசுகிறவர் எங்கே நிற்கிறார், எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், மழை பெய்கிறதா என்பதை இயக்குநர் வாயால் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதிவின்போது ஒவ்வொரு டேக்குக்கும் எண் உண்டு. பிடித்த டேக்கின் எண்ணை ஸ்கிரிப்டில் வட்டமிட்டு வைப்பார்கள். ஒரு வசனத்தின் முதல் பாதி இரண்டாவது டேக்கிலிருந்தும், மறுபாதி ஐந்தாவது டேக்கிலிருந்தும் எடுக்கப்படலாம். வசன எடிட்டர் இவற்றை ஒட்டி, இடைவெளிகளைச் சரிசெய்து, முழு நிகழ்ச்சியின் நீளத்துக்கு ஒரு ஒலித்தடத்தை உருவாக்குவார்.

அடுத்து வருவதுதான் வெளியே யாருக்கும் தெரியாத வேலை. ஒருவர் அந்த ஒலித்தடத்தைத் துண்டு துண்டாகக் கேட்டு, எந்த ஒலி எந்த ஃபிரேமில் விழுகிறது என்று அட்டவணையில் எழுதுவார். விநாடிக்கு 24 ஃபிரேம். ‘பேட்மேன்’ என்ற சொல்லை அரை விநாடியில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அது 12 ஃபிரேம். தொலைக்காட்சியில் பெரும்பாலும் ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள் என்பதால், கிடைப்பது ஆறு ஓவியங்கள். முதல் ஒலிக்கு உதடு மூடியிருக்க வேண்டும், அடுத்த உயிரொலிக்குத் திறக்க வேண்டும், நடுவில் வரும் மகரத்துக்கு மறுபடி மூட வேண்டும். ஏழெட்டு வாய் வடிவங்களை வைத்துக்கொண்டே எல்லாப் பேச்சையும் சமாளித்துவிடுவார்கள். ஆனால் உதடு மூடவேண்டிய இடத்தில் மூடாவிட்டால், காரணம் சொல்லத் தெரியாத குழந்தைக்குக்கூட ஏதோ இடிக்கும். அதனால்தான் மகர, பகர ஒலிகளை விழுங்கிப் பேசும் நடிகரை இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்குப் பிடிக்காது.

இந்த அட்டவணையும் ஒலித்தடமும் ஸ்டோரிபோர்டும் சேர்ந்து வரைகிற ஸ்டூடியோவுக்குப் போகும். பேட்மேன் தொடரின் படங்கள் ஜப்பானின் டிஎம்எஸ், சன்ரைஸ், கொரியாவின் டாங் யாங், அகோம் உள்ளிட்ட ஸ்டூடியோக்களில் தயாராகின. படம் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். வந்த பிறகு நடிகரை மறுபடி கூப்பிடுவார்கள். மாற்றி எழுதிய வசனம், பாத்திரம் விழும் காட்சி படத்தில் நீண்டுவிட்டதால் தேவைப்படும் அலறல், விடுபட்ட மூச்சு என்று சிறுசிறு திருத்தங்கள் இருக்கும். இந்தக் கடைசிக் கட்டத்தில் மட்டும் வேலை நம்மூர் டப்பிங் போலவே இருக்கும்: திரையைப் பார், வாயோடு பொருத்து.

நடிகர் மார்க் ஹாமில், பேட்மேனின் எதிரியான ஜோக்கராக நுழைந்தது இந்தக் கடைசி வழியில்தான். முதலில் அந்தப் பாத்திரத்துக்குப் பதிவு செய்தவர் டிம் கர்ரி. பிறகு தயாரிப்பாளர்கள் மனம் மாறி ஹாமிலைத் தேர்ந்தெடுத்தபோது சில அத்தியாயங்களில் கர்ரியின் குரலுக்கு ஏற்ப வாயசைவு வரையப்பட்டிருந்தது. இன்னொருவரின் மூச்சுக்கும் நிறுத்தத்துக்கும் ஏற்ப வரைந்த வாயில் தன் ஜோக்கரைப் பொருத்த வேண்டிய நிலை. அதைச் செய்து முடித்ததோடு, பின்னர் பதிவான அத்தியாயங்களில் தன் சொந்தத் தாளத்தை ஓவியர்களுக்குக் கொடுத்தார் என்பதுதான் அவருடைய திறமைக்கு அடையாளம்.

ஒரே அறையில் எல்லோரும்

ரொமானோ முடிந்தவரை எல்லா நடிகர்களையும் ஒரே நேரத்தில் ஸ்டூடியோவுக்கு வரவைத்துப் பதிவு செய்தார். அரைவட்டமாக மைக்குகள், ஆளுக்கு ஒன்று. எதிரில் இருப்பவர் மிரட்டினால் உண்மையாகவே பதில் கிளம்பும். கான்ராயும் ஹாமிலும் மோதுகிற காட்சிகளில் தெரியும் அந்தச் சூடு இப்படி வந்தது. படம் பிறகுதான் என்பதால், அறையில் நடந்த நடிப்பைத் தவிர ஓவியருக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

கூட்டுப் பதிவில் புதியவர்கள் அதிகம் கெடுப்பது ஒன்றுதான்: அடுத்தவர் வசனம் முடியுமுன் தங்கள் வசனத்தைத் தொடங்குவது. நிஜப் பேச்சில் அது அழகு. இங்கே ஒருவர் குரல் இன்னொருவர் மைக்கில் கசிந்துவிடும். இரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டு டேக்குமே வீண். இயக்குநர் சொன்னாலொழிய ஒரு கணம் விட்டுத் தொடங்குங்கள். வேகத்தை எடிட்டர் பிறகு கூட்டிக்கொள்வார்.

தாள் சத்தம் இரண்டாவது எதிரி. ஸ்கிரிப்டைப் பின் அடிக்காமல் தனித்தனித் தாளாக வைத்து, இரண்டு பக்கங்களை ஸ்டாண்டில் பக்கம் பக்கமாகப் பரப்புங்கள். பேசிக்கொண்டே தாளைத் திருப்பாதீர்கள். இப்போது டேப்லெட் வந்துவிட்டதால் இந்தத் தொல்லை குறைவு. வளையல், நைலான் சட்டை, பசித்த வயிறு மூன்றையும் மைக் விட்டுவைக்காது. தவறு நேர்ந்தால் தடுமாறிய சொல்லிலிருந்து தொடராமல், ஒரு நொடி நிறுத்தி வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள். வெட்டி ஒட்ட எடிட்டருக்குச் சுத்தமான ஓரம் தேவை.

இன்று பல பதிவுகள் தனியாகத்தான் நடக்கின்றன. 2020க்குப் பிறகு வீட்டிலிருந்தே செய்வதும் சாதாரணமாகிவிட்டது. தனியாக நிற்கும்போது, எதிர் வசனத்தை வாசித்துக் காட்டச் சொல்லி இயக்குநரைக் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பது யாருக்கும் குறைவில்லை. காதில் எதுவும் விழாமல் சொல்லப்படும் பதில், பதிலாகவே ஒலிக்காது.

ஒரு மனிதனுக்கு இரண்டு குரல்

கான்ராயின் பெரிய பங்களிப்பு இங்கேதான். முகமூடிக்குள் இருக்கும் ப்ரூஸ் வெய்ன் என்ற பணக்காரனுக்கும் பேட்மேனுக்கும் அவர் வெவ்வேறு குரல் வைத்தார். பேட்மேனின் குரலே அந்த மனிதனின் உண்மைக் குரல், ஊருக்குக் காட்டும் ப்ரூஸ்தான் வேடம் என்பது அவர் பிடித்துக்கொண்ட நூல். ப்ரூஸ் கொஞ்சம் வேகமாக, இலகுவாக, உதட்டில் சிரிப்போடு பேசுவான். உதடு விரிந்தால் குரலின் நிறமே மாறும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தெரியும். பேட்மேன் தாழ்ந்த சுருதியில், நிதானமாக, மைக்குக்கு நெருங்கிப் பேசுவான், கத்த மாட்டான். பின்னாளில் இரண்டுக்கும் இருந்த தூரத்தைக் குறைத்தார்கள். 1997இல் வந்த அடுத்த தொடரின் ப்ரூஸ் முன்பைவிடக் கனமாகவே பேசுகிறான்.

முதல் தொடரில் ‘பெர்சான்ஸ் டு ட்ரீம்’ என்ற அத்தியாயத்தைத் தேடிக் கேளுங்கள். கனவுலகில் ப்ரூஸ் வெய்னும் பேட்மேனும் தனித்தனி ஆட்களாக எதிரெதிரே நிற்கிறார்கள். ப்ரூஸின் தந்தைக்கும் கான்ராய்தான் குரல். மூவரும் ஒரே குரலிலிருந்து பிறந்தவர்கள் என்பதும் தெரிகிறது, மூவரும் வேறு ஆட்கள் என்பதும் தெரிகிறது. அதற்குச் சுருதி மட்டும் போதாது. பேச்சின் வேகம், வாக்கியத்தின் முடிவு மேலே போகிறதா கீழே இறங்குகிறதா, மூச்சு கேட்கிறதா என்பவையும் மாறியிருப்பதைக் கவனிக்கலாம். 1999இல் தொடங்கிய ‘பேட்மேன் பியாண்ட்’ தொடரில் அதே ப்ரூஸை முதியவராக்கினார்: வறண்ட, பொறுமையிழந்த குரல், ஆனால் பழைய தாளம்.

புதிதாக வருபவர்கள் கனமான குரல் வேண்டுமென்று தொண்டையை இறுக்கிக் கரகரப்பார்கள். பத்து நிமிடம் நன்றாக இருக்கும். இருபதாவது நிமிடத்தில் குரல் மங்கும், ஒரு மணி நேரத்தில் சுருதி தானாக ஏறிவிடும். காலையில் பதிவான காட்சியும் மதியம் பதிவான காட்சியும் படத்தில் அடுத்தடுத்து வந்தால் இரண்டு ஆட்கள் பேசுவதுபோல இருக்கும். ஒரு குரலை ஆடிஷனுக்கு அனுப்புவதற்கு முன் சோதிக்க எளிய வழி: அதே குரலில் 30 நிமிடம் நிறுத்தாமல் வாசித்துப் பதிவு செய்து, முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் ஒட்டிக் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அந்தக் குரல் உங்களுக்கானதல்ல. அரைச் சுருதி மேலே வைத்துக்கொண்டு மறுபடி முயலுங்கள். கனத்தை மைக்கும் கொடுக்கும்: மைக்கை நெருங்க நெருங்க அடிச்சுருதி தானாகப் பெருகும்.

கிடைத்த குரலின் மாதிரி ஒன்றை, அரை நிமிடம் போதும், ஃபோனில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் கேளுங்கள். சில மாதங்கள் கழித்துத் திருத்தப் பதிவுக்குக் கூப்பிடும்போது நினைவை நம்ப முடியாது. 1992இல் தொடங்கிய எக்ஸ்-மென் தொடரில் வுல்வரினாகப் பேசிய கால் டாட், 2024இல் ‘எக்ஸ்-மென் ’97’ வந்தபோது அதே பாத்திரத்துக்குத் திரும்பினார். பழைய ரசிகர்கள் எதிர்பார்த்தது அந்தக் குரலைத்தான்.

அடி, உதை, விழுகை

சூப்பர்ஹீரோ தொடரைக் குடும்பக் கார்ட்டூனிலிருந்து பிரிப்பது சண்டை. அடி வாங்கும் முனகல், தாவும் மூச்சு, மின்சாரம் பாயும் அலறல், கழுத்து நெரிபடும் திணறல் என்று சொல்லில்லாத ஒலிகள் ஓர் அத்தியாயத்தில் ஏராளம் வேண்டியிருக்கும். இவற்றைக் கடைசியில் பதிவு செய்வதே வழக்கம். முதலில் செய்தால் மீதி வசனத்துக்குக் குரல் இருக்காது.

அடி கொடுப்பதும் அடி வாங்குவதும் ஒரே ஒலி அல்ல. கொடுக்கும்போது மூச்சு நடிகரின் கட்டுப்பாட்டில் வெளியேறும், கூர்மையாக, குட்டையாக. வாங்கும்போது மூச்சு பிடுங்கப்படும். வயிற்றில் விழுந்த குத்துக்குக் காற்று அதிகம், ஒலி குறைவு. தாடையில் விழுந்தால் ஒலி பாதியில் வெட்டுப்படும். இயக்குநர் ‘மூன்று கொடுங்கள்’ என்றால் சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவில் மாற்றிக் கொடுக்க வேண்டும். மூன்றும் ஒரே ‘ஆ’வாக இருந்தால் எடிட்டருக்குக் கிடைத்தது ஒன்றுதான். விழுகைக்கு, எவ்வளவு உயரம் என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மாடியிலிருந்து விழுவதற்கும் வானளாவிய கட்டடத்திலிருந்து விழுவதற்கும் விநாடிக்கணக்கு வேறு. உடம்பு அசையாமல் இவை வராது. ஹாமில் நின்றபடியே, கையையும் முகத்தையும் முழுதாகப் பயன்படுத்தி நடிப்பவர். ஜோக்கரின் சிரிப்பு ஒவ்வொரு மனநிலைக்கும் வேறாக இருப்பதில் அந்த உடம்புக்கும் பங்குண்டு.

மைக்கிலிருந்து சாதாரணப் பேச்சுக்கு 15 முதல் 20 செ.மீ. தூரம். கிசுகிசுப்புக்கு அதில் பாதி. அலறலுக்கு ஓர் அடி பின்வாங்கி முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்புங்கள், அதற்கு முன் ஒலிப்பதிவாளரிடம் ‘இது சத்தமாக வரும்’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அலறினால் ஒலி உடையும், அவர் காதும் வலிக்கும், இருப்பதிலேயே நல்ல டேக் பாழாகும். 2016 அக்டோபரில் அமெரிக்காவின் வீடியோகேம் குரல் நடிகர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, குரலை வருத்தும் பதிவுகளை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. குரல்நாணில் முடிச்சு விழுந்தால் மாதக்கணக்கில் வேலை போய்விடும் என்பதை யோசித்தால், அது மிக நியாயமான கோரிக்கை.

தண்ணீரைப் பதிவுக்கு ஓரிரு மணி நேரம் முன்பே குடிக்கத் தொடங்குங்கள், அறை வெப்பநிலையில். வாயில் ‘சப்’ சத்தம் வந்தால் பச்சை ஆப்பிள் ஒரு துண்டு உதவும்.

வாய்ப்பு எப்படி வருகிறது

பெரும்பாலும் ஏஜென்ட் வழியாக. ஏஜென்ட் கேட்பது டெமோ, அதாவது உங்கள் குரலின் மாதிரிப் பதிவு: 60 முதல் 90 விநாடி, ஐந்து முதல் ஏழு பாத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு விநாடி. உங்கள் இயல்பான குரலுக்கு நெருங்கிய, மிகச் சிறந்த பாத்திரம் முதலில் வர வேண்டும், ஏனென்றால் பலர் பத்து விநாடிக்கு மேல் கேட்பதில்லை. விளம்பரக் குரல் டெமோ வேறு, அனிமேஷன் டெமோ வேறு. இரண்டையும் கலந்தால் இரண்டுக்கும் ஆகாது. புகழ்பெற்ற பாத்திரங்களை மிமிக்ரி செய்வதைவிடப் புதிய ஆட்களை உருவாக்கிக் காட்டுவது நல்லது.

ஆடிஷனுக்குப் பாத்திரத்தின் படம், நாலு வரி விளக்கம், சில வசனங்கள் வரும். ஓரிரு நாளில் அனுப்ப வேண்டியிருக்கும். ஒரே வசனத்தை இரண்டு விதமாகச் செய்யுங்கள், இரண்டும் உண்மையிலேயே வேறாக இருக்கட்டும். கோப்பின் பெயரைச் சொன்னபடியே வையுங்கள். தவறான பெயரில் போன கோப்பு திறக்கப்படாமலே கிடக்கும். வீட்டில் பதிவு செய்வதற்குத் துணிகள் நிறைந்த அலமாரி அறை போதும். பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்; ஒலியளவின் உச்சம் -12க்கும் -6 டெசிபெலுக்கும் இடையே, பேசாத நேரத்தின் இரைச்சல் -60 டெசிபெலுக்குக் கீழே. ஏசி, ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்திவிட்டுச் சோதித்துப் பாருங்கள். இரைச்சலைச் சாஃப்ட்வேரால் நீக்கினால் குரலின் மூச்சும் சேர்ந்து போய்விடும்.

முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஓர் அத்தியாயத்தில் வந்துபோகும் வேடம்தான். ஹாமிலே பேட்மேன் தொடரில் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ அத்தியாயத்தில் ஒரு நிறுவன முதலாளியாகச் சிறு வேடத்தில் பேசியிருக்கிறார். சிறிய வேடம் பெரிதாவதும் உண்டு. ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி க்வின் 1992இல் ஒரே அத்தியாயத்துக்காக எழுதப்பட்டவள். எழுத்தாளர் பால் டினிக்கு நடிகை ஆர்லீன் சார்கின் ஒரு தொலைக்காட்சித் தொடரில் கோமாளி வேடத்தில் வந்த காட்சி பொறியாக அமைந்தது; குரலும் சார்கினுடையதே. அந்தக் குரலும் பாத்திரமும் ஒட்டிக்கொண்டதில் ஹார்லி தொடரில் நிலைத்து, காமிக்ஸுக்கும் போய்ச் சேர்ந்தாள்.

வருமானத்தைப் பற்றித் தெளிவு வேண்டும். பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அமெரிக்காவில் அமர்வுக்கு இவ்வளவு என்று நடிகர்களின் தொழிற்சங்க ஒப்பந்தம் வகுத்த கட்டணமும், மறு ஒளிபரப்புக்கான பங்கும்தான். ஒரே கட்டணத்தில் இரண்டு குரல் வரை பேசச் சொல்லலாம், மூன்றாவதற்குக் கூடுதல் 10 சதவீதம். ‘காவலர் 2’, ‘கூட்டத்தில் ஒருவர்’ போன்ற சின்னச் சின்னக் குரல்களைச் சட்டென்று கொடுக்கத் தெரிந்தவருக்கு வேலை அதிகம் வருவதற்கு இதுவே காரணம். ஒரு தொடருக்கு வாரத்தில் ஓர் அமர்வு என்றால் வாழ்க்கை நடத்தப் பல தொடர்கள், விளம்பரங்கள், வீடியோகேம்கள் தேவைப்படும்.

வீடியோகேம் தனி உலகம். 2009இல் ‘ஆர்க்கம் அசைலம்’ தொடங்கி வந்த விளையாட்டுகளில் கான்ராய் தனி அறையில் நின்று ஆயிரக்கணக்கான வரிகளைப் பேசினார். விளையாடுபவர் எந்தப் பக்கம் போனாலும் ஒரு வசனம் தயாராக இருக்க வேண்டும் என்பதால், ஒரே சூழ்நிலைக்குப் பல வரிகள். எதிரில் நடிகர் கிடையாது, காட்சி வரிசையும் கிடையாது. தொடர்களில் பழகியவருக்கு இது கடினம். ஒவ்வொரு வரிக்கும் முன் ‘யாரிடம், எவ்வளவு தூரத்தில், என்ன நடந்த பிறகு’ என்று மூன்றையும் கேட்டுவிட்டுச் சொல்வதே வழி.

ஒப்பந்தத்தில் இப்போது கூடுதலாகப் பார்க்க வேண்டியது செயற்கை நுண்ணறிவு பற்றிய பகுதி. 2024 ஜூலையில் தொடங்கி 2025 வரை நீண்ட வீடியோகேம் வேலைநிறுத்தத்தின் மையக் காரணம் அதுதான். உங்கள் பதிவிலிருந்து செயற்கைக் குரல் உருவாக்க அனுமதி கேட்கிறார்களா, எந்தப் படைப்புக்கு மட்டும், எத்தனை காலத்துக்கு, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, நீங்கள் இறந்த பிறகு யாரிடம் ஒப்புதல் வாங்குவார்கள் என்ற ஐந்துக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். ‘எந்த வடிவிலும், எக்காலத்துக்கும்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால் கையெழுத்திடும் முன் ஏஜென்டிடமோ சங்கத்திடமோ காட்டுங்கள்.